பெற்றுக்கொண்டவர் பொறுப்பு: மின்னஞ்சல் சேவையகக் கோளாறுகளின் வரலாறு

1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் மாலை, கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ராபர்ட் மோரிஸ் எழுதிய ஒரு நிரல் இணையத்தில் பரவத் தொடங்கியது. பின்னாளில் ‘மோரிஸ் புழு’ என்று பெயர்பெற்ற அந்நிரல் கணினிகளுக்குள் நுழையப் பல வாசல்களைப் பயன்படுத்தியது. அவற்றுள் ஒன்று, ‘சென்ட்மெயில்’ என்னும் மின்னஞ்சல் சேவையக மென்பொருளில் பிழை தேடுவதற்காக வைக்கப்பட்டிருந்த ஒரு வசதி. மறுநாள் அதிகாலை மூன்றரை மணியளவில், மோரிஸின் நண்பரான ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆண்டி சடுத், புழுவைத் தடுக்கும் வழிகளைச் சில வரிகளில் எழுதி, தம் பெயரைக் குறிப்பிடாமல் மின்னஞ்சலில் அனுப்பினார். அக்கடிதம் உரியவர்களைச் சென்றடைய ஒரு நாளுக்கும் மேலாயிற்று. கடிதங்களைக் கைமாற்ற வேண்டிய சேவையகங்கள் முடங்கிக் கிடந்தன. பல நிறுவனங்கள் புழுவுக்கு அஞ்சித் தம் இணைப்பையே துண்டித்திருந்தன. நோய் வந்த பாதையிலேயே மருந்தும் வர வேண்டியிருந்தது, பாதையோ மூடப்பட்டிருந்தது.

சடுத்தின் கடிதம் உரிய காலத்தில் பயன்படவில்லை. ஆனால் அது தொலைந்தும் போகவில்லை. வழியில் ஒரு சேவையகத்தில் காத்திருந்து, பாதை திறந்ததும் போய்ச் சேர்ந்தது. கடிதம் தாமதமாவது ஒன்று, தொலைவது இன்னொன்று, தொலைந்தது எவருக்குமே தெரியாமல் போவது மூன்றாவது. மின்னஞ்சல் சேவையகங்களை வடிவமைத்தவர்களும் பழுதுபார்த்தவர்களும் முதலாவதைப் பொறுத்துக்கொண்டனர். இரண்டாவதைக் குறைக்க முயன்றனர். மூன்றாவதை அறவே ஒழிக்கப் பாடுபட்டனர். அம்முயற்சி எவ்வாறு வென்றது, இன்று எவ்விடத்தில் தோற்றுக்கொண்டிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

காத்திருக்கும் வரிசை

1970களின் இறுதியில் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், ‘இங்க்ரெஸ்’ என்ற தரவுத்தள ஆய்வுக் குழுவின் கணினிக்கு அர்பாநெட் இணைப்பு இருந்தது. பிற ஆய்வாளர்களும் அக்கணினியில் கணக்குக் கேட்டனர். அவர்களுள் பெரும்பாலோருக்குத் தேவைப்பட்டது மின்னஞ்சல் மட்டுமே என்பதைக் கவனித்த எரிக் ஆல்மன், ஒரு வலையிலிருந்து மற்றொரு வலைக்குக் கடிதங்களைத் தள்ளிவிடும் ‘டெலிவர்மெயில்’ என்ற நிரலை எழுதினார். 1979இல் பெர்க்லி யூனிக்ஸுடன் வெளிவந்த அந்நிரலின் வாரிசுதான் 1983இல் பரவலான ‘சென்ட்மெயில்’.

அன்றைய மின்னஞ்சல் ஒரே வலையில் ஓடவில்லை. வளாகத்துக்குள் பெர்க்நெட், நாட்டளவில் அர்பாநெட், தொலைபேசி அழைப்புகளின் வழியே யூயூசிபி என்று வெவ்வேறு வலைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் முகவரி எழுதும் முறை தனி. பெல் ஆய்வகத்தின் மைக் லெஸ்க் உருவாக்கிய யூயூசிபி முறையில் அனுப்புபவரே முழு வழியையும் எழுத வேண்டும். எந்தக் கணினி எந்தக் கணினியிடம் கொடுத்து, அது யாரிடம் சேர்க்க வேண்டும் என்பதை ஆச்சரியக்குறிகளால் பிரித்து வரிசையாகக் குறிப்பார்கள். இடையிலுள்ள ஒரு கணினி நின்றுபோனாலும் அந்த முகவரி செல்லாக்காசுதான்.

இத்தகைய சூழலில் சேவையகத்தை நம்பகமாக்குவது என்றால், எப்போதும் ஓடும் இயந்திரத்தைச் செய்வது என்று பொருள்கொள்ள முடியாது. மறுமுனை பெரும்பாலும் கிடைக்காது என்பதையே அடிப்படையாகக் கொண்டு வடிவமைக்க வேண்டியிருந்தது. இதற்கான விடைதான் வரிசை. வாங்கிய கடிதத்தை வட்டில் எழுதி வை, அனுப்பிப் பார், முடியாவிட்டால் காரணத்தைக் குறித்துக்கொண்டு பிறகு மீண்டும் முயல். சென்ட்மெயில் ஒவ்வொரு கடிதத்துக்கும் இரண்டு கோப்புகளை வைத்திருந்தது. ஒன்றில் கடிதம், மற்றொன்றில் யாருக்கு, யாரிடமிருந்து, எதனால் தடைபட்டது என்ற குறிப்பு. சேவையகம் ‘சரியில்லை’ என்று புகார் வந்ததும் நிர்வாகி முதலில் வரிசையைப் பார்க்கும் வழக்கம் அன்றே தொடங்கியது. நூறு கடிதங்கள் ஒரே நிறுவனத்துக்காகக் காத்திருந்தால் பழுது அங்கே. நூறு கடிதங்கள் நூறு நிறுவனங்களுக்காகக் காத்திருந்தால் பழுது இங்கே.

பொறுப்பு கைமாறும் கணம்

1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 821 என்ற நெறிமுறை ஆவணம், இரண்டு சேவையகங்களுக்கிடையே நடக்க வேண்டிய உரையாடலை வரையறுத்தது. ஒவ்வொரு பேச்சுக்கும் மூன்று இலக்க எண்ணால் பதில். 2இல் தொடங்கினால் சம்மதம்; 4இல் தொடங்கினால் ‘இப்போது முடியாது, பிறகு வா’; 5இல் தொடங்கினால் ‘முடியவே முடியாது’. கடிதத்தின் கடைசி வரியாக ஒற்றைப் புள்ளி வந்ததும் பெறும் சேவையகம் 250 என்று பதிலளித்தால் பரிமாற்றம் நிறைவுறும்.

இந்த 250 என்பதன் அறப்பொருளை வெளிப்படையாக எழுதியது 1989 அக்டோபரில் ராபர்ட் பிராடன் தொகுத்த ஆர்.எஃப்.சி. 1123. அந்த எண்ணைச் சொன்ன கணமே கடிதத்தைச் சேர்க்கும் பொறுப்பு பெற்றவரிடம் வந்துவிடுகிறது என்று அது கூறியது. அற்பக் காரணங்களுக்காகக் கடிதத்தைத் தொலைக்கக் கூடாது என்றும், பிறகு இயந்திரம் படுத்துவிட்டது என்பதோ முன்கூட்டியே அறியக்கூடிய இடப்பற்றாக்குறையோ சாக்காகாது என்றும் விதித்தது. தொழில்நுட்ப ஆவணம் ஒன்றில் ‘பொறுப்பு’ என்ற சொல் இவ்வளவு கனத்தோடு அமைவது அரிது. அதே ஆவணம், ஒருமுறை தோற்றால் குறைந்தது அரைமணி நேரம் பொறுத்து மீண்டும் முயல வேண்டும் என்றும், நான்கைந்து நாள்களாவது முயலாமல் கைவிடக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. நீண்ட விடுமுறைக்கு மின்சாரத்தை அணைத்துவிட்டுப் போகும் வளாகத்துக்கும் கடிதம் தப்பாமல் சேர இந்த இடைவெளி போதுமானதாக இருந்தது.

இந்த விதி எளிதாகத் தோன்றினாலும் அதற்குள் ஒரு தீராத சிக்கல் இருந்தது. பெறும் சேவையகம் கடிதத்தை முழுமையாக வாங்கிவிட்டது. ஆனால் 250 என்ற பதில் வழியில் தாமதமாகிறது. அனுப்பியவர் பொறுமையிழந்து இணைப்பைத் துண்டிக்கிறார்; பிறகு அதே கடிதத்தை மீண்டும் அனுப்புகிறார். பெற்றவருக்கு இரண்டு பிரதிகள் கிடைக்கின்றன. கிரெய்க் பார்ட்ரிட்ஜ் 1988 பிப்ரவரியில் எழுதிய ஆர்.எஃப்.சி. 1047 இந்த இரட்டைக் கடிதங்களைப் பற்றியதே. கடைசிப் புள்ளிக்குப் பிறகு பெறும் இயந்திரம் வேறு வேலைகளைச் செய்யாமல் உடனே பதில் சொல்ல வேண்டும் என்றார் அவர். அந்தப் பதிலுக்காகப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று அடுத்த ஆண்டின் ஆவணம் பரிந்துரைத்தது. எனினும் இரட்டையாதலை முற்றிலும் ஒழிக்க இயலாது. ஐயம் வந்தால் இருமுறை கொடுத்தாலும் கொடுக்கலாம், ஒருமுறையும் கொடுக்காமல் விடக் கூடாது என்பதே மின்னஞ்சல் தேர்ந்தெடுத்த பக்கம்.

நிர்வாகிகளை மிகவும் அலைக்கழித்த கோளாறுகள் 4க்கும் 5க்கும் இடையிலான வேறுபாட்டில் பிறந்தவை. ஒரு பல்கலைக்கழகத்தின் பயனர் பட்டியல் தனியொரு கணினியில் இருக்கிறது. அக்கணினி சற்று நேரம் நின்றுபோகிறது. அஞ்சல் சேவையகம் பட்டியலைக் கேட்டுப் பதில் கிடைக்காதபோது, ‘இப்போது சொல்ல இயலாது’ என்பதற்குப் பதிலாக ‘அப்படி ஒருவர் இல்லை’ என்று கூறிவிடுகிறது. அனுப்பிய சேவையகம் அதை நம்பிக் கடிதத்தைத் திருப்பிவிடுகிறது. இருபது ஆண்டுகளாகப் பணிபுரியும் பேராசிரியர் பத்து நிமிடத்துக்கு இல்லாதவராகிறார். ‘தெரியவில்லை’ என்பதை ‘இல்லை’ என்று சொல்லும் பிழை ஆய்வுலகுக்குப் புதியதன்று. சேவையகங்களும் அதையே செய்தன.

கடிதத்தைச் சேர்க்க முடியாதபோது அனுப்பியவருக்குத் தெரிவிப்பது இவ்வமைப்பின் மற்றொரு தூண். இந்தத் திருப்பறிவிப்புக் கடிதத்தில் அனுப்புநர் முகவரி வேண்டுமென்றே வெறுமையாக விடப்படுகிறது. அறிவிப்பும் சேராமல் திரும்பினால், அதற்கோர் அறிவிப்பு, அதற்கு மற்றோர் அறிவிப்பு என்று இரண்டு சேவையகங்கள் முடிவின்றி ஒன்றுக்கொன்று எழுதிக்கொண்டே இருக்கும். அந்தச் சுழலை வெறும் முகவரி தடுக்கிறது.

இந்தியாவின் மெல்லிய தடம்

தோல்வியை எதிர்பார்க்கும் இந்த வடிவமைப்பின் உண்மையான பயனை உணர, நல்ல இணைப்பு இல்லாத நாடுகளைப் பார்க்க வேண்டும். 1982இலேயே சீனிவாசன் ரமணியும் ரிச்சர்ட் மில்லரும், கணினிச் செய்திகளுக்கென்று தனியாக ஒரு செயற்கைக்கோளை நிலநடுக்கோட்டுக்கு மேலே தாழ்ந்த பாதையில் சுற்றவிடலாம் என்று ஒரு கட்டுரையில் முன்மொழிந்தனர். ஒரு நாட்டைக் கடக்கும்போது கடிதங்களை வாங்கி, அடுத்த நாட்டின் மேல் வரும்போது கொடுத்துவிட்டுப் போகும் தபால்காரராக அது இருந்திருக்கும். தொடர்ச்சியான இணைப்பு இல்லாமலே மின்னஞ்சல் இயங்கும் என்ற எண்ணம் அதன் அடிப்படை.

ரமணி தலைமையேற்ற மும்பை தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், இந்தியக் கல்வி ஆராய்ச்சி வலையான எர்நெட்டின் நுழைவாயிலாயிற்று. 1986இல் மத்திய மின்னணுத் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் நிதியுதவியுடன் தொடங்கிய எர்நெட்டில் எட்டு அமைப்புகள் பங்கேற்றன: டெல்லி, மும்பை, கான்பூர், கரக்பூர், சென்னை ஆகிய ஐந்து ஐ.ஐ.டி.கள், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், மும்பை மையம், டெல்லியில் மின்னணுத் துறை. 1987 வாக்கில் மும்பை மையத்துக்கும் மும்பை ஐ.ஐ.டி.க்கும் இடையே தொலைபேசி அழைப்பின் வழியே மின்னஞ்சல் ஓடியது. பிறகு நகரங்களுக்கிடையே வினாடிக்கு 9.6 கிலோபிட் வேகமுள்ள குத்தகைத் தடங்கள் வந்தன. அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்த யூயூநெட்டுடனான இணைப்பு 1992இல் 64 கிலோபிட்டாக உயர்ந்தது.

9.6 கிலோபிட் என்பது வினாடிக்கு 1,200 பைட். ஒரு மெகாபைட் கடிதம் கடக்க, வேறு எவரும் தடத்தைப் பயன்படுத்தாவிட்டால்கூட, ஏறத்தாழ 14 நிமிடமாகும். தொலைபேசி அழைப்பு முறையிலோ நிலைமை இன்னும் கடினம். தொடக்ககால யூயூசிபியில் கோப்பு முக்கால் பங்கு போனபின் இணைப்பு அறுந்தால், அடுத்த அழைப்பில் மீண்டும் முதலிலிருந்து அனுப்ப வேண்டும். தடத்தில் இரைச்சல் கூடினால் பெரிய கடிதம் ஒன்று மீண்டும் மீண்டும் தொடங்கி, ஒருபோதும் முடியாமல், பின்னால் நிற்கும் சிறிய கடிதங்களையும் தடுத்து நிற்கும். கடிதங்களைச் சிறு துண்டுகளாக்கி அனுப்பும் பழக்கம் இந்த அனுபவத்தில் பிறந்தது. இணையக் கோப்புகளை நேரடியாகப் பெற முடியாதவர்கள், டிஜிட்டல் நிறுவனம் நடத்திய ‘எஃப்டிபிமெயில்’ போன்ற சேவைகளுக்குக் கடிதம் எழுதினர். கோப்பு பல கடிதங்களாக நறுக்கப்பட்டு வந்துசேரும். பன்னிரண்டு துண்டுகளில் ஏழாவது வராவிட்டால் மற்ற பதினொன்றும் பயனற்றவை. எங்கே தொலைந்தது என்று தேடுவது அன்றைய வளாக நிர்வாகிகளின் அன்றாட வேலை.

நிலையான இணைப்பில்லாத நிறுவனமும் முறையான முகவரி வைத்துக்கொள்ள வழிசெய்தது, 1986 ஜனவரியில் பார்ட்ரிட்ஜ் வகுத்த அஞ்சல்வழிப் பதிவு முறை. ஒரு நிறுவனத்தின் பெயருக்கு வரும் கடிதத்தை அதன் சார்பில் வேறொரு கணினி வாங்கி வைத்திருக்கலாம் என்பதை அது பெயர்ப் பதிவேட்டிலேயே குறிக்க அனுமதித்தது. கிராமத்துக்கு வரும் தபாலைப் பக்கத்து ஊர் அஞ்சலகம் வைத்திருந்து கொடுப்பது போன்ற ஏற்பாடு இது.

இதனால் விளைந்தது சிறிய மாற்றமன்று. 1980கள் வரை, மேலை நாட்டுப் பல்கலைக்கழகங்களின் முன்அச்சுக் கட்டுரைகள் இந்திய இயற்பியலாளர்களுக்குக் கப்பல் தபாலில் பல வாரங்கள் கழித்து வந்தன. 1991 ஆகஸ்டில் பால் கின்ஸ்பார்க் லாஸ் அலமாஸில் தொடங்கிய முன்அச்சுக் களஞ்சியம், பின்னாளின் ஆர்க்கைவ், முதலில் இயங்கியது மின்னஞ்சல் வழியாகத்தான். கடிதம் எழுதிக் கேட்டால் கட்டுரை கடிதமாக வரும். பிரின்ஸ்டனில் இருப்பவரும் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் இருப்பவரும் ஒரே நாளில் ஒரே கட்டுரையைப் படிக்க முடிந்தது. 1994 பிப்ரவரியில், அப்போது மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்த அசோக் சென்னின் கட்டுரை அக்களஞ்சியத்தில் இடம்பெற்று, இழைக் கோட்பாட்டின் போக்கையே மாற்றிய ஆய்வுகளுள் ஒன்றாயிற்று. இவ்வமைப்புக்குள் நிலைத்திருக்க ஒரு நிறுவனத்தின் அஞ்சல் சேவையகம் தொடர்ந்து இயங்குவது இன்றியமையாததாயிற்று. கடிதங்கள் அடிக்கடி திரும்பிவரும் முகவரிகளை அஞ்சல் பட்டியல்கள் நீக்கிவிடுவது வழக்கம். ஒரு வாரப் பழுது ஓர் ஆய்வாளரை உலக உரையாடலிலிருந்தே வெளியேற்றிவிடக்கூடும்.

முத்திரைகளைப் படித்தல்

காணாமற்போன கடிதத்தைத் தேடுபவருக்கு மின்னஞ்சல் ஒரு கருவியைத் தந்தது. கடிதம் கடந்துவரும் ஒவ்வொரு சேவையகமும் அதன் தலைப்பகுதியில், யாரிடமிருந்து எப்போது பெற்றேன் என்று ஒரு வரி சேர்க்கிறது. அஞ்சலட்டையின் மீது விழும் ஊர் முத்திரைகளைப் போன்ற இவ்வரிகளைக் கீழிருந்து மேலாகப் படித்தால் பயணம் தெரியும். இரண்டு முத்திரைகளுக்கிடையே ஆறு மணிநேர இடைவெளி இருந்தால் முந்தைய சேவையகத்தின் வரிசையில் கடிதம் கிடந்திருக்கிறது. அனுப்பப்படுவதற்கு முன்பே வந்துசேர்ந்த கடிதம் தென்பட்டால் எங்கோ ஒரு கடிகாரம் பிழை. அனுப்புபவரின் ஊகத்தைவிட இம்முத்திரைகள் நம்பத்தக்க சாட்சியங்கள். ஆவணங்களைக் கையாளும் வரலாற்றாய்வாளருக்கு இம்முறை அந்நியமாயிராது.

ஆனால் புகார்தாரரின் சொல்லை ஒதுக்கிவிடுவதும் தவறு என்பதற்கு ட்ரே ஹாரிஸ் 2002இல் எழுதிய நினைவுக்குறிப்பு சான்று. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் அவர் அஞ்சல் நிர்வாகியாக இருந்தபோது, புள்ளியியல் துறைத் தலைவர் ஒரு விசித்திரமான புகாரைச் சொன்னார்: துறையின் சேவையகத்திலிருந்து 500 மைலுக்கு அப்பால் கடிதம் போகவில்லை. மின்னஞ்சலுக்கும் தொலைவுக்கும் தொடர்பில்லை என்றுதான் எவரும் சொல்வர். ஆனால் துறையினர் பல நாள் தரவுகளைத் திரட்டி வரைபடமே வரைந்திருந்தனர். ஹாரிஸ் சோதித்துப் பார்த்தபோது புகார் உண்மையாயிற்று. இயங்குதளத்தை மேம்படுத்தியவர் அறியாமல் சென்ட்மெயிலின் பழைய பதிப்பை நிறுவிவிட்டார். அமைவுக்கோப்போ புதிய பதிப்புக்கு உரியது. பழைய பதிப்பு புரியாத வரிகளைக் கடந்து சென்றதால், மறுமுனை பதிலளிக்கக் காத்திருக்க வேண்டிய நேரம் சுழியமாயிற்று. நடைமுறையில் அது மூன்று மில்லிவினாடியளவு. அந்நேரத்தில் ஒளி செல்லும் தொலைவு ஏறத்தாழ 900 கிலோமீட்டர், அதாவது 558 மைல். அத்தகைய சேவையகம் சென்னையில் இருந்திருந்தால் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் கடிதம் போயிருக்கும், மும்பைக்குப் போயிருக்காது.

வேடிக்கைக் கதையாகப் பரவிய இந்நிகழ்வில் முறையியல் சார்ந்த செய்தி ஒன்று உண்டு. புள்ளியியலாளர்கள் காரணத்தை அறியாவிட்டாலும் விளைவைச் சரியாக அளந்திருந்தனர். நிர்வாகி அவர்களுடைய விளக்கத்தை ஐயுற்றார், அளவீட்டை ஐயுறவில்லை.

எட்டாவது பிட்

கடிதம் போய்ச் சேர்வது மட்டும் நம்பகத்தன்மையாகாது. அனுப்பியபடியே சேர வேண்டும். 1982இன் நெறிமுறை ஆங்கில எழுத்துகளுக்குப் போதுமான ஏழு பிட் குறியீட்டை மட்டுமே கருதியது. பல சேவையகங்கள் எட்டாவது பிட்டைப் பயனற்றதென்று கருதி நீக்கிவிட்டன. 1990களின் இறுதியில், பல நாடுகளில் வாழ்ந்த தமிழ்க் கணினி ஆர்வலர்கள் மின்னஞ்சல் விவாதங்களின் வழியே வடிவமைத்த திஸ்கி குறியாக்கம், தமிழ் எழுத்துகளை அந்த எட்டாவது பிட் தேவைப்படும் மேற்பாதியில் வைத்திருந்தது. வழியிலுள்ள ஒரே ஒரு பழைய சேவையகம் போதும், தமிழ்க் கடிதம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக மாறிவிடும். அதற்கு முன் ஆங்கில எழுத்துகளிலேயே தமிழை எழுதிப் பழகியவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை.

1992 ஜூனில் நத்தானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃபிரீடும் வெளியிட்ட ‘மைம்’ வரையறை இதற்கு ஓர் அடக்கமான தீர்வைத் தந்தது. உலகிலுள்ள எல்லாச் சேவையகங்களையும் மாற்றச் சொல்லாமல், எட்டு பிட் உள்ளடக்கத்தை ஏழு பிட் எழுத்துகளாகப் பொதிந்து அனுப்பச் சொன்னது. இடைவழிச் சேவையகம் எவ்வளவு பழையதாயினும் பொதியைச் சிதைக்காது. கெட்டுப்போகும் பாதையைத் திருத்துவதைவிட, கெடாத பொதியைக் கட்டுவது விரைவில் கைகூடியது.

மௌனம்

இதுவரை சொன்ன வடிவமைப்பு முழுவதும், பங்கேற்பவர்கள் நேர்மையானவர்கள் என்ற எண்ணத்தில் நிற்பது. யார் கொடுத்த கடிதத்தையும் வாங்கி யாருக்கும் கடத்துவது நல்ல அண்டைவீட்டாரின் கடமையாகக் கருதப்பட்டது. 1978 மே மாதத்திலேயே கேரி தூர்க் என்ற விற்பனை அலுவலர் அர்பாநெட்டில் நூற்றுக்கணக்கானோருக்கு விளம்பரக் கடிதம் அனுப்பியிருந்தார். ஆனால் எரிதம் வெள்ளமாகப் பெருகியது 1990களின் நடுவில்தான். 1998இல் வெளிவந்த சென்ட்மெயில் 8.9, அயலாருக்காகக் கடிதம் கடத்தும் பழைய தாராளத்தை இயல்பாகவே நிறுத்திவைத்தது.

அதைவிட ஆழமான இழப்பு திருப்பறிவிப்புகளில் நேர்ந்தது. எரிதம் அனுப்புபவர்கள் அனுப்புநர் இடத்தில் யாரோ ஒருவரின் முகவரியை எழுதினர். நேர்மையான சேவையகம் விதிப்படி ‘சேரவில்லை’ என்று அறிவித்தபோது, அந்த அறிவிப்பு ஒன்றுமறியாத மூன்றாமவருக்குப் போனது. ஒரே நாளில் ஆயிரக்கணக்காகவும் போனது. உண்மை சொல்வதே தொல்லையாயிற்று. எனவே சேவையகங்கள் மெல்லப் பேசாமலிருக்கக் கற்றுக்கொண்டன: 250 என்று சொல்லி வாங்கி, உள்ளே சோதித்து, ஐயமிருந்தால் எவருக்கும் சொல்லாமல் எரித்துவிடுவது. 2008 அக்டோபரில் ஜான் கிளென்சின் தொகுத்த ஆர்.எஃப்.சி. 5321 இந்நடைமுறையின் தேவையை ஒப்புக்கொண்டாலும், கடிதம் மோசடியானது என்பதில் மிக உறுதியான நம்பிக்கை இருந்தாலன்றி மௌனமாக அழிக்கக் கூடாது என்று எச்சரித்தது.

பழைய விதியை விட்டுக்கொடுக்காத தீர்வுகளும் தோன்றின. 2003இல் இவான் ஹாரிஸ் முன்வைத்த ‘சாம்பல் பட்டியல்’ முறையில், முன்பின் அறியாதவரிடமிருந்து வரும் முதல் கடிதத்துக்கு ‘பிறகு வா’ என்ற 4 வகைப் பதில் தரப்படும். நேர்மையான சேவையகம் விதிப்படி வரிசையில் வைத்திருந்து மீண்டும் வரும். அவசரத்தில் கோடிக்கணக்கில் வீசியெறியும் எரிதநிரல்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. 1980களின் மோசமான இணைப்புகளுக்காக எழுதப்பட்ட பொறுமை விதி, நேர்மையைச் சோதிக்கும் உரைகல்லாகப் பயன்பட்டது.

அடுத்து வந்தவை அடையாளச் சான்றுகள்: எந்த இயந்திரங்கள் எம் பெயரில் அனுப்பலாம் என்று அறிவிக்கும் எஸ்.பி.எஃப்., கடிதத்தில் மறையொப்பமிடும் டி.கிம்., இரண்டும் தவறினால் என்ன செய்வது என்று கூறும் டிமார்க். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும், பெருமளவில் கடிதங்கள் அனுப்புவோருக்கு இவற்றைக் கட்டாயமாக்கத் தொடங்கின. இவற்றால் போலிக்கடிதங்கள் குறைகின்றன. ஆனால் பக்கவிளைவும் உண்டு. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் பழைய பல்கலைக்கழக முகவரிக்கு வரும் கடிதங்களைத் தம் சொந்த முகவரிக்குத் திருப்பிவிட்டிருந்தால், அங்கே அக்கடிதம் பல்கலைக்கழக இயந்திரத்திலிருந்து வருவதாகத் தெரியும், அனுப்பியவரின் எஸ்.பி.எஃப். பட்டியலில் அவ்வியந்திரம் இருக்காது. நேர்மையான கடிதம் எரிதப் பெட்டியில் விழும்.

சிறிய கல்வி நிறுவனங்களே இதில் மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றன. தாமே நடத்தும் சேவையகத்தில் எல்லா முத்திரைகளும் சரியாக இருந்தாலும், மறுமுனையிலுள்ள பெருநிறுவனம் 250 என்று சொல்லியபின் கடிதம் என்னவாயிற்று என்பதை அறிய வழியில்லை. பதிவேட்டில் ‘ஏற்கப்பட்டது’ என்றிருக்கும். நேர்காணல் அழைப்பு மாணவருக்குக் கிடைத்திராது. வரிசையில் எதுவுமில்லை, திருப்பறிவிப்பும் இல்லை, ஆகவே பழுதுபார்ப்பவர் பற்றிக்கொள்ள நூலே இல்லை. நிறுவனங்கள் தம் அஞ்சலைப் பெரிய மேகச் சேவைகளிடம் ஒப்படைத்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். இயந்திரம் நின்றுபோகும் தொல்லை அதனால் தீர்கிறது. கேள்வி கேட்க ஆளில்லாத தொல்லை புதிதாகச் சேர்கிறது.

1982இல் எஸ்.எம்.டி.பி. நெறிமுறையோடு டேவிட் கிராக்கரின் ஆர்.எஃப்.சி. 822ஆம் வெளிவந்தது. மின்னஞ்சல் பெறும் ஒவ்வொரு நிறுவனமும் ‘போஸ்ட்மாஸ்டர்’ என்ற முகவரியை வைத்திருக்க வேண்டும் என்று அது விதித்தது. எந்த ஊரில் யார் நிர்வாகி என்று தெரியாவிட்டாலும், அம்முகவரிக்கு எழுதினால் ஒரு மனிதர் படிப்பார் என்பதே அதன் நோக்கம். அவ்விதி இன்றும் நடைமுறையில் உள்ளது. அம்முகவரிக்கு வரும் கடிதத்தைப் படிக்க எத்தனை நிறுவனங்களில் ஆள் இருக்கிறார் என்று கேட்டுப் பார்க்கலாம். சொந்தச் சேவையகத்தை நடத்தும் பல்கலைக்கழகமாயினும், பிறரிடம் ஒப்படைத்துவிட்ட பல்கலைக்கழகமாயினும், வாங்கிக்கொண்ட கடிதத்துக்குப் பதில் சொல்ல ஒருவரை நியமிப்பது அதன் கடமை. அதைச் செய்ய எந்தப் புதிய மென்பொருளும் வேண்டியதில்லை.